முத்துவின் பெட்டி ஏன் இரைந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை, என் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கறுப்பு ஒயரைக் கழற்றி ஒரு பழைய கிடார் ஆம்ப்ளிஃபையரில் செருகினேன். அதிலிருந்து மனசு சரியில்லை.

ஆம்ப்ளிஃபையர் சமாசாரமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஒரு தீர்ப்பைப் பற்றியது. தப்பான தீர்ப்பு. சொன்னது — நான்தான்.

அந்த ஆம்ப் என் நண்பன் சுடலைமுத்துவினுடையது. கடையில் வாங்கியதல்ல, அவனே செய்தது. எங்கள் ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் அவன் வீட்டாருக்கு ஆணி, கீல் விற்கும் கடை உண்டு. சாலைக் கடைகளில் பொறுக்கிய சாமான்களையும், ஆட்டோ சீட் தைத்ததில் மிஞ்சிய பச்சை ரெக்ஸினையும் வைத்து ஆறு மாதம் உட்கார்ந்து செய்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் ஒரு கானமேளா குழு இருந்தது. கோயில் உற்சவம், கல்யாணம் — எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடுவோம். நானும் முத்துவும் கிடார். அவன் என்னைவிட நன்றாக வாசிப்பான். ஆனால் இரண்டு கிடாருக்கும் சேர்த்து ஒரே ஆம்ப்தான். வேனில் அதற்குமேல் இடமில்லை.

நான் கடையில் வாங்கியதா, முத்து செய்ததா? போட்டி வைத்தோம். ரொம்ப நியாயமாக! ஒரே கிடார். ஒரே பாட்டு. எது யாருடையது என்று தெரியாமலிருக்க, பாடகரும் டிரம்ஸ்காரரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். பரீட்சை ஹாலில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கரண்ட்.

ஒத்திகை நடந்த அந்த மாடி அறையில், எர்த் உள்ள மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் ஒன்றுதான் இருந்தது. அதில் என் ஆம்ப். முத்துவின் பெட்டிக்கு, மூலையில் கிடந்த இரண்டு கம்பி ஒயர். அதன் மறுநுனியில் பிளக் இல்லை. கம்பியை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி வைத்து இறுக்கினோம். நாம் எல்லோரும் செய்கிற வேலைதானே?

ஆன் செய்ததும் 'ங்ங்ங்...' என்று ஓர் இரைச்சல். முத்துவின் முகம் வாடிவிட்டது.

"எடே, என்னோடதையும் ஒன் பாயின்ட்ல குத்திப் பாக்கட்டா?"

"கரண்டு எல்லாம் ஒண்ணுதாம்டே. ஒயர்ல இருந்தா பாட்டு வருது?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முத்துவும் சிரித்தான்.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் பொய். என்னுடையது ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

அந்த சீசன் முழுக்க என் ஆம்ப்தான் மேடையேறியது. முத்து மெல்ல மெல்ல ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினான். அடுத்த வருஷம் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனான். கிடாரை எடுத்துப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஃபோன் செய்வான். மழை உண்டா, சாலை முக்கில் அந்த டீக்கடை இன்னும் இருக்கிறதா... எல்லாம் கேட்பான். கிடாரைப் பற்றி மட்டும் கேட்கமாட்டான். எதிரில் உட்கார்ந்து வாசிக்கும்போது, அடுத்து விரல் மாற்ற வேண்டிய இடம் வருகிறது என்று ஒரு தலையசைப்பில் சொல்வான். அந்தத் தலையசைப்புக்காக எத்தனை வருஷமாக ஏங்குகிறேன் என்று அவனிடம் நானும் சொன்னதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முத்துவின் வீட்டுக்குப் போயிருந்தேன்; அவன் மதினி பரண் ஒழித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போறேளா? இல்லேன்னா பழைய சாமான் எடுக்குற ஆக்ரிக்காரனுக்குத் தூக்கிப் போட்டுருவேன்" என்றார். எடுத்து வந்தேன். அந்த ஒயர்கூட அதிலேயே சுற்றிக் கிடந்தது. பழையபடி தீக்குச்சி வைத்துப் போட்டுப் பார்த்தேன். 'ங்ங்ங்...' — அதே இரைச்சல். நான் அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது.

பிறகுதான் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மூன்று முள் சாக்கெட். கம்ப்யூட்டரில் இருக்கிற அதே மாதிரி. கம்ப்யூட்டர் ஒயரைக் கழற்றி இதில் செருகினேன்.

இரைச்சல் இல்லை. சுத்தமாக இல்லை. எர்த் கம்பி இல்லாத அந்தப் பழைய ஒயரால்தான் பெட்டி இரைந்திருக்கிறது.

விலை கூடிய பவர் கேபிள் போட்டால் ஆம்ப் தேனாகப் பாடும் என்று இன்டர்நெட்டில் சண்டை போடுகிறார்கள். தேனும் இல்லை, பாலும் இல்லை! ஆனால் இரண்டை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே ஒயர், ஒரே பாயின்ட் கொடுக்க வேண்டாமா? பிள்ளைகளில் மூத்தவன் கெட்டிக்காரன், இளையவன் மக்கு என்கிறோமே... யாரை எந்தப் பிளக்கில் செருகினோம் என்று என்றைக்காவது பார்த்திருக்கிறோமா?

வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது.

"முத்து, ஒன் பெட்டி இரையல்லடே. அன்னைக்கு ஒயர்தான் சரியில்ல. நல்ல பாயின்ட நான் எடுத்துக்கிட்டேன்."

"போடே, சும்மா சொல்லாத."

வால்யூமை முழுக்கத் திருகி, ரிசீவரை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன்.

"ஒண்ணும் கேக்கல்லியே" என்றான்.

"அதாம்டே."



"எர்த்துக்கு எடம் விட்டுத்தாம்டே செஞ்சேன்..." என்றான் முத்து. பிறகு, "செரி, பின்னே என்னத்த நோக்கிட்டு நிக்கே? வாசி" என்றான்.

என் கிடாரில் ஐந்து கம்பிதான் மிச்சம். வாசித்தேன்.

என் ஆம்பை எப்போதோ விற்றுவிட்டேன். ஆகவே இதுவும் நியாயமான போட்டி இல்லைதான். இருக்கட்டும் — முத்துவினுடையதுதான் ஜெயித்தது.