பாதைக்குக் குறுக்கே ஒரு தழை

கிளர்ச்சிக்காரர்களை ராணுவம் எப்படி ஒடுக்கியது என்று எழுதிப் பிழைக்கிற வரலாற்று ஆசிரியன் நான். காட்டுப் போரில் நிபுணன் என்று பெயர். நான் பார்த்த காடு, ஆவணக் காப்பகத்துக்குப் பின்புறம் மண்டிக்கிடக்கும் கருவேலம் புதர். அதிலும் பாம்பு உண்டென்று வாட்ச்மேன் சொன்ன நாளிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

என்னை ஆளாக்கியது ஒரே ஓர் அத்தியாயம். பழைய வெள்ளைக்காரத் தளபதி ஒருவரின் நாட்குறிப்பில், பாதைக்குக் குறுக்கே பச்சைத் தழை கிடந்ததாகவும் படை திரும்பிவிட்டதாகவும் ஒரு வரி. அந்தத் தழை, பதுங்கித் தாக்குகிறவர்களின் ரகசிய சமிக்ஞை என்று நாற்பது பக்கம் ஊதினேன். முனைவர் பட்டம் தந்தார்கள். போலீஸ் அதிகாரிகளுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள்.

அந்த அத்தியாயம் வந்த புத்தகத்தின் மறுபதிப்புக்குக் காட்டுப்பாதைப் படம் ஒன்று வேண்டும் என்றார் பதிப்பாளர். கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். வடக்கனந்தலில் கரும்பு போட்டிருக்கும் மச்சான், என் மனைவியின் தம்பி, துணைக்கு வந்தான்.

பைக்கை நிறுத்திவிட்டு நடந்தோம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், இடது பக்கம் குறுக்கே அப்போதுதான் ஒடித்துப் போட்ட பச்சைத் தழை.

அடுத்த நொடி தரையில் கிடந்தேன். தாக்குதல் என்றால் பள்ளத்தில் பாய வேண்டும் என்று எழுதியவன் நான். பாய்ந்தது மேட்டில்.

"இன்னா மாமா, எதனா கடிச்சிச்சா?"

"படுடா! சுத்தி வளைச்சிட்டாங்க!"

"யாருங்க மாமா?"

அதை யோசித்திருக்கவில்லை.

தலையில் அண்டாவோடு பின்னால் வந்த ஒரு பெண் நின்றாள். "இன்னா தம்பி, மயக்கமா அவருக்கு?"

"இல்லக்கா, ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறாரு. இந்தத் தழ எதுக்குக்கா?"

"கல்யாணத்துக்கு எங்களுக்கு முன்ன போனவங்க போட்டது. பின்னால வர்ற ஜனம் வழி தெரியாம அந்தப் பக்கம் பூடக் கூடாதுல்ல?" சொல்லிவிட்டு வலது பக்கம் நடந்தாள்.

மச்சான் என்னைத் தூக்கிவிட்டான். "தெருக்கூத்து பாக்கப் போறப்ப நாங்களும் இப்டித்தான் போடுவோம் மாமா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

பதினெட்டு வருஷமாக அவன் வீட்டில் கறிச்சோறு தின்கிறேன். கேட்கவில்லை.

இன்னும் மூன்றே நாளில் போலீஸ் வகுப்பு. உண்மையைச் சொன்னால் அத்தியாயம் போச்சு, பேர் போச்சு. சொல்லாவிட்டால், துப்பாக்கியோடு போகிற எவனோ ஒருவன் என்னை நம்பி ஒரு கல்யாணக் கூட்டத்தை மடக்குவான். இரண்டு நாள் அந்த நாற்பது பக்கத்தில் வேறு ஆதாரம் தேடினேன்; அந்த ஒரு வரியைத் தவிர எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் வகுப்பில் சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"அப்போ தழைய ஒடிச்சான்னு நாங்க புடிச்சாந்தவங்கல்லாம், சார்?"

"கல்யாணத்துக்குப் போனவங்களா இருக்கலாம்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார்.

"எழுத்துல குடுங்க சார். அவங்கல்ல சில பேரு இன்னும் ஜெயில்ல இருக்காங்க."

கொடுத்தேன். கையெழுத்துக்கு முன்னால் முனைவர் என்று போடத்தான் கை வரவில்லை.