அணைத்த பிறகும் கூவிய ரயில்

மலாய் மொழியில் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் நாட்டுக்குக் கிடைத்த ஆண்டு அது. காஜா பேராங் வட்டாரத்தில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் எனக்கு ஒரு மின்சாரப் பொம்மை ரயிலைக் கொடுத்துவிட்டுப் போனார். தண்டவாளத்தில் அழுக்குப் படிந்த இடங்களில் மின்சாரம் விட்டுப்போய், அதன் கூவல் அறுந்து அறுந்து கேட்டது. பழைய ரேடியோ கண்டென்சர்களை அதற்குள் பொருத்தினேன். அவை மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டதால் கூவல் அறுபடவில்லை.

அந்தப் பெருமையில், பழுது பார்த்த இஸ்திரிப்பெட்டியை வாங்க வந்த பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவை நிறுத்தினேன்.

"சுவிச்ச அடைச்சாலும் கூவும், பாருங்கக்கா!"

அணைத்தேன். ரயில் நின்றது, கூவல் மட்டும் தொடர்ந்தது. அக்கா காதுகளைப் பொத்திக்கொண்டு, "நிறுத்து தம்பி!" என்று அலறினார். என்னால் நிறுத்த முடியவில்லை. சேர்ந்திருந்த மின்சாரம் தீரும்வரை சில நொடிகள் கூவித்தான் அது ஓய்ந்தது.

"ஜப்பான்காரன் அவர சயாமுக்கு ஏத்திக்கிட்டுப் போனப்ப, ரயிலு கண்ணுக்கு மறைஞ்ச பெறகும் இப்படித்தான் கூவிச்சு" என்றார்.

அவருடைய கணவர் யுத்த காலத்தில் சயாமில் ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பத்தாண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"புருசன் பேரச் சொல்லக்கூடாதும்பாங்க. நானும் சொல்லாம இருந்தா யாருக்குத்தான் தெரியும்?" என்று கண்களைத் துடைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "வீராசாமி."

கண்டென்சர்களை அன்றே கழற்றிவிட்டேன். அவருடைய துயரம் தெருவுக்கே தெரியும் என்பதாலேயே, நாங்கள் யாரும் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டோம். அந்த வெட்கம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.