எலுமிச்சம்பழத்தைத் தாண்டிய சக்கரம்

எந்த பைக் வாங்குவது என்று மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். கடைசியில் இருப்பதிலேயே கனமான வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஷோரூமில், "டெஸ்ட் ரைடு போறீங்களா சார்?" என்று விற்பனையாளர் கேட்டபோது, "எல்லாம் பார்த்தாச்சுங்க" என்று சிரித்தேன். நான் அதுவரை ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டியிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நண்பன் பாபுதான் வண்டியை மயிலாப்பூர் கோயில் வாசலுக்கு ஓட்டிவந்தான். பூஜை முடிந்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எதிர்ச்சுவரோரம் கோணியில் உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"இன்னா நைனா, புது வண்டிய மொட்டையாவா எடுத்துகினு போவ?" என்று எழுந்து வந்தாள். ஹேண்டில்பாரில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். வண்டி பழத்தை நசுக்கிப் பாய்ந்து, சுவரில் மோதி நின்றது.

முன்சக்கரம் அவளுடைய கோணியின் மேல் இருந்தது. பூக்கூடை அதற்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"அங்கதான குந்திகினு இருந்தேன்" என்றாள் மெதுவாக. பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாபு ஓடிவந்து சாவியைப் பிடுங்கினான். "மச்சி, உனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

மூன்று மாதத்தில் அன்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஷோரூமில் சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்றும் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தால், அந்தக் கோணி கண்முன் வந்து நிற்கிறது.