நாற்பத்து மூன்று ஜன்னல்

நாட்டின் தேர்தல் முடிவை டெல்லிப் பக்கம் ஒரு பங்களாவில் நான்கு கோடீஸ்வரர்கள் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவிடுகிறார்களாம். நாம் விரலில் மை வைத்துக்கொள்வது சும்மா சடங்காம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு, உத்திரமேரூர் பேருந்து நிலையத்துச் சலூனில் கிடைத்த தகவல் இது. முடி வெட்டிக்கொண்டவர், வெட்டியவர், காத்திருந்தவர் மூவரும் அடித்துச் சொன்னார்கள். அந்த நால்வரின் பெயர் மட்டும் மூவருக்கும் தெரியவில்லை.

யார் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனேன். வதந்தி டெல்லிவரை போகவில்லை. ஏழாவது கிலோமீட்டரில், செங்கல் சூளை தேவராஜ் வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

"நாலு பேர்ல ஒருத்தரோட மேனேஜரு நம்ம மச்சானுக்குப் பழக்கம் சார்" என்றார் தேவராஜ். "ரிசல்ட்டு எனக்கு மார்ச்லயே தெரியும்."

இவருடைய லாரி இரண்டு பெரிய கட்சிகளின் கூட்டத்துக்கும் ஆள் ஏற்றிப் போனது. மதகைத் தாண்டியதும் கொடியை மாற்றிக்கொள்வார்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை, ஊரே பார்த்தது. ரகசியம் வேண்டியிருந்தது வேறொன்றுக்கு. ஓட்டை வாங்கினால் செலவு. ஓட்டே வீண் என்று நம்பவைத்தால் செலவில்லை. மேலே லைன் இருக்கிறவர் என்று பட்டாவுக்கும் லோனுக்கும் ஜனம் இவர் வாசலில் வந்து நிற்கும்.

"நம்பலன்னா ஏரிக்கரை செங்கேணியக் கேளுங்க. நாள் பூரா பூத்துல குந்திக்கினு இருந்துது. இன்னா கிழிச்சுது?"

கேட்கப் போனேன். சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. தேவராஜின் வரப்பு வழியே இருந்த நேர்ப்பாதையில் முள் அடைத்திருந்தது.

ஏரிக்கரையோரம் பதினான்கு இருளர் வீடுகள், நாற்பத்தேழு ஓட்டு. செங்கேணி அம்மாளுக்கு ஐம்பது இருக்கலாம். சிறுவயதில் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக ஆறு வருஷம் குடும்பத்தோடு விறகு வெட்டும் இடத்திலேயே அடைந்து கிடந்தவர். மீண்டு வந்து, முதன்முதலில் தன் பேரில் வாங்கிய காகிதம் வாக்காளர் அட்டை. முப்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்றார். இப்போது நாற்று நடுவார், சவுக்கு வெட்டுவார். இந்தக் குடியிருப்புக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தந்த வக்கீல் தமிழ்வாணன் ஜன்னல் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, பூத்தில் ஏஜென்டாக உட்கார ஆள் கிடைக்கவில்லை. செங்கேணி உட்கார்ந்தார்.

"காலைல அஞ்சரைக்கே போயிட்டேன். மெஷின் வேல செய்யுதான்னு அம்பது ஓட்டு போட்டுக் காட்டி அழிச்சாங்க. சாயந்தரம் மூடற வரிக்கும் நாற்காலிய வுட்டு எந்திரிக்கல. பக்கத்து ஏஜென்டு தம்பி ரெண்டு வாட்டி பிரியாணிக்குப் போயிட்டு வந்துச்சு."

உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். எத்தனை ஓட்டு விழுந்தது என்று பூத்தை மூடும்போது அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏஜென்டுகளுக்குக் கொடுப்பது. லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். அறுநூற்றுப் பன்னிரண்டு. பூத் வாரியாக வெளியான முடிவை போனில் திறந்து கூட்டினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. நான்கு கோடீஸ்வரர்களும் இந்த பூத்துக்கு வரவில்லை என்பதற்கு இந்த அம்மாள் சாட்சி.

ஜன்னலுக்கு நாற்பத்து மூன்று.

"மீதி நாலு பேர் யாரு?"

"அது தெரியக்கூடாதுன்னுதான சார் மெஷின சுத்தி அட்டைய வெச்சி மறைக்கிறாங்க?"

ஓட்டுப் போட்ட அன்று சாயந்தரம், "உன் ஜன்னலுக்கு ஏழு ஓட்டு தாண்டினா ஒரு கோழி குடுக்கறேன்" என்று தேவராஜ் பூத் வாசலில் பந்தயம் கட்டியிருக்கிறார். பூத் கணக்கு போனில் வந்த மறுநாள் வந்தது முள்தான், கோழி அல்ல. இப்போது ரேஷனுக்கும் பள்ளிக்கும் ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். மருமகள் சுதாவுக்கு எட்டாவது மாசம். வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் நிற்கிற ரோட்டுக்கு அவள் அந்த இரண்டு கிலோமீட்டரையும் நடக்கவேண்டும். செங்கேணி அதைத்தான் மூன்று தரம் சொன்னார். கோழியைப் பற்றி ஒரு தரம்.

மறுநாள் காலை, தேவராஜ் வரும் நேரம் பார்த்து, பால் சொசைட்டிக்குச் செங்கேணியோடு போனேன். பால் ஊற்ற வந்தவர்கள் பதினைந்து பேர் கேனோடு நின்றார்கள். தேவராஜும் கேனோடு வந்து புல்லட்டை நிறுத்தினார்.

"மொதலாளி, ரிசல்ட்டெல்லாம் மேலயே முடிவாயிடுதுன்னு சொல்றீங்களே, நெஜமா?" என்றார் செங்கேணி.

"அதான் ஊருக்கே தெரியுமே."

"அப்போ எங்க நாப்பத்திமூணு ஓட்டு இன்னாத்துக்கு ஆவுது?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"ஒண்ணுத்துக்கும் ஆவாத ஓட்டுக்கு ஏன் மொதலாளி முள்ளு போட்டீங்க? அவ்ளோ கோவமா?"

பால் அளந்துகொண்டிருந்த சுப்ரமணியின் கை நின்றது. கேன் வரிசையில் யாரோ இருமினார்கள். ஓட்டுக்காகத்தான் அடைத்தேன் என்றால் மேலே இருந்த லைன் அறுந்துபோகும். இல்லையென்றால் முள்ளுக்குக் காரணம் வேண்டும். தேவராஜ் தன் கேனின் மூடியைத் திருகினார்.

"ஓட்டுக்கு எவன் போட்டான்? ஆடு பூந்து மேயுது. அதுக்குப் போட்டது."

"ஆட்டுக்குன்னா சரிதான். நான் படல் கட்டிக்கினு வந்து வெக்கறேன். ஆடு வராது, ஆளு போவலாம்."

"வெச்சிக்கோ" என்றார் தேவராஜ், வண்டியை உதைத்தபடி. கோடீஸ்வரர்களின் தோழர், பதினைந்து பால் கேன்களுக்கு முன்னால்.

அன்று மதியமே மூங்கில் படல் வைத்தாகிவிட்டது. ஓர் ஆள் தாராளமாக நுழையலாம், வயிற்றுப் பிள்ளைக்காரியும். சுதா இரண்டு தரம் போய் வந்து பார்த்தாள்.

கோழியை மட்டும் போன வாரம் நான் ஞாபகப்படுத்தினேன்.

"பாக்கலாம் சார், மேல கேட்டுச் சொல்றேன்" என்றார் தேவராஜ். சிரிக்கவில்லை.

செங்கேணி வீட்டுப் பின்புறம் கோழி அடைக்கிற பஞ்சாரம் கவிழ்த்தே கிடக்கிறது. பெட்டையாகத்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.