ஐந்தை மூன்றாக்கிய கதை

எங்கள் எதிர்வீட்டில் பட்டுத்தறி நெய்யும் அக்கா ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கியதை நான் ஒரு கதையாக எழுதினேன். ஐயம்பேட்டையில் இருக்கும் மகளைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து சலித்துப்போய், நாற்பத்தைந்து வயதில் வண்டி கற்றுக்கொண்டவர். டெஸ்டில் எட்டு போட முடியாமல் நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை பாஸானார்.

கதையில் அதை மூன்றாவது முறையாக்கினேன். முதல் தோல்வியில் வாசகர் நிமிர்ந்து உட்காருவார், இரண்டாவதில் கவலைப்படுவார், மூன்றாவதில் ஜெயித்துவிட வேண்டும். அதற்கு மேல் அலுப்பு. அப்படித்தான் எழுதிப் பழகியிருந்தேன்.

பத்திரிகையில் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தறியில் உட்கார்ந்தபடியே முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அஞ்சு வாட்டி போனேனேம்மா, மீதி ரெண்டு எங்க?"

"கதைக்கு மூணுதான்க்கா எடுப்பா இருக்கும்."

"மூணாவது வாட்டி வுழுந்து முட்டி பேந்துச்சு. ஒரு வாரம் தறி மிதிக்க முடியல. அது எடுப்பா இல்லையா?"

அது எனக்குத் தெரியும், நான் கூடப் போயிருந்தேன். நான்காவது முறை நான் ஊரில் இல்லை.

"வீட்டுக்காரரு இனிமே போவாதன்னுட்டாரு. கோயிலுக்குன்னு சொல்லிட்டுத் தனியா போனேன். அன்னிக்கும் கால ஊனிட்டேன். ஆட்டோவுல அழுதுக்கினே வந்தேன். எறங்கும்போது பயமே போயிடுச்சு. இதுக்கு மேல இன்னா ஆவப்போவுதுன்னு தோணிச்சு. அத்தப் போயி வெட்டிட்டியேம்மா."

என் கதையில் அவர் ஜெயித்ததற்கு, அது மூன்றாவது முறை என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை.

"இதையும் எழுதட்டுமாக்கா?"

"எழுதேன்."

கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியபோது ஐந்து முறையையும் எழுதினேன். பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. "நடுவுல கொஞ்சம் இழுக்குதுங்க. ஒண்ணக் குறைக்கலாமா?" வேண்டாம் என்றேன். நடுவில் இழுக்கத்தான் செய்தது.

புத்தகம் வந்த அன்று மாலை, தறியிலிருந்த கணவருக்கு அக்கா சத்தமாகப் படித்துக் காட்டினார். நானும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நான்காவது முறை வந்ததும் தறிச் சத்தம் நின்றது.

"கோயிலுக்குத்தான போன? துன்னூறுகூடக் குடுத்தியே?"

"வர்ற வழியில அங்கயும் போனேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.