அக்கா கிரீம் வைத்த கேக்

கார்த்திகை தீபம் முடிகிறவரை எங்கள் ஊரில் வெண்ணெய்க்குப் பஞ்சம்தான். இருக்கிற வெண்ணெயெல்லாம் நெய்யாக உருகி மலையுச்சிக்குப் போய்விடும். அண்ணாமலையார் மிச்சம் வைத்தால்தான் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்குக்குக் கிரீம். தீபம் ஓய்ந்த பிறகு அடி அண்ணாமலையிலிருந்து வெண்ணெய்க்காரம்மா வருவாள்.

அந்த வருஷம் அவள் வருவதற்குள் அக்காவுக்குச் சயரோகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனித் தட்டு, தனித் தம்ளர், பின்னறையில் தனிப் பாய். கிறிஸ்துமஸுக்கு முன்பே சானடோரியத்துக்குக் கிளம்பியாக வேண்டும். போவதற்குள் கேக்குக்குத் தானே கிரீம் வைக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்கூடத்துத் துரைசாணியிடம் அவள் கற்றுக்கொண்ட வேலை அது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வெக்கட்டும்," என்றார் அப்பா.

மேலும் கீழும் கரிநெருப்பு வைத்து அம்மா சின்னச் சின்னக் கேக்குகளைச் சுட்டாள். வெண்ணெயைத் துணியில் பிழிந்து தண்ணீர் போக்கி, அரைத்துச் சலித்த சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்துக் கொடுத்தாள். அக்கா வாயில் துணி கட்டிக்கொண்டு, கிரீமைக் காகிதக் கூம்பில் நிரப்பி, ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிகிறமாதிரி ஒரே சுற்றாகச் சுற்றினாள். விரல் எதிலும் படவில்லை. இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் இருமிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து தொடர்ந்தாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் என்றைக்கும் வைத்ததில்லை.

பாத்திரத்தை வழித்து நக்குவது வருஷா வருஷம் என் உரிமை. ஆசையோடு கையை நீட்டினேன். "கிட்ட வராத, போ!" என்று அதட்டிவிட்டு, அதில் கொதிநீரை ஊற்றிவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் கூடத்தில் தட்டு வந்தது. அக்கா கதவருகே தள்ளி நின்றாள். யாரும் கை வைக்கவில்லை. அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது.

"நான் தொடவேயில்லப்பா," என்றாள்.

அப்பா ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவும் கண்ணைத் துடைத்தபடி ஒன்று தின்றாள். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்றுதானோ என்னவோ, அப்பா தயங்கித் தயங்கி என்னிடமும் ஒன்றை நீட்டினார்.

"அவ செஞ்சது எனக்கு வேணாம்!" என்று கத்தினேன். அவளுக்கு நன்றாக வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அக்கா பெருமூச்சு விட்டாள். "வேணான்னா வுட்டுடுங்கப்பா," என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததேயில்லை.

மறுநாள் பஸ் ஜன்னலிலிருந்தும் அதே சிரிப்புதான். கேக்கை வேண்டாமென்றவளைப் பார்த்து இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.