உட்காரச் சொல்லாத சோதனை

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் வண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அழுக்கு விரிப்புகள் குவிந்த இரும்பு வண்டியைச் சரிவுப்பாதையில் தள்ளி ஏற்றுவது அவள் வேலை. வேறு வேலைக்கு அவள் ஆசைப்பட்டதே இல்லை. உட்கார்ந்து துணி மடிப்பவர்களைப் பார்த்தாலே அவளுக்குக் கால் மரத்துப்போகும்.

புது நிர்வாகம் வந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு உடல்தகுதிச் சோதனை என்றது. தேறினால் வண்டி, தேறாவிட்டால் மடிப்பு மேசை.

சோதிக்க வந்தவர் மகன் வயதுக்காரர். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணுவார். இதையெல்லாம் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தே முணுமுணுத்தார். பிறகு "எந்திரிங்கம்மா" என்றார். வண்டியக்கா எழுந்தாள். நின்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். நேரம் முடிந்துவிட்டது.

"ஏம்மா நின்னுட்டீங்க?"

"நீங்க உட்காருங்கன்னு சொல்லலையே தம்பி."

மேற்பார்வையாளர் முன்னால் சொல்லாமல் உட்கார்ந்தால் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது அந்தக் கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே ஒன்று என்று எழுதினார். மறுபடி செய்யவா என்றதற்கு, அடுத்த வாரம்தான், விதி அப்படி என்றார். அதுவரை மடிப்பு மேசை.

வீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க யாரும்மா உன்ன உட்காரச் சொல்றது, அப்பாவா?" ஆனாலும் தினமும் முக்காலியைப் போட்டுப் பழக்கினாள்.

அடுத்த வாரம் வண்டியக்கா பந்து மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால் அவர் முகம் வாடிக் கிடந்தது. இரண்டு முடிவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நம்பலாமாம். மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் கணினியே ஏற்காதாம்.

"அப்ப நல்லா செஞ்சது தப்பா?"

"தப்பில்லம்மா. ரெண்டுல எது நீங்கன்னுதான் தெரியல."

வண்டியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டும் நான்தான், வேறு யார் என் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்க நினைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். மறுபடி மடிப்பு மேசை.

உட்கார்ந்தே இருந்ததில் முழங்கால்கள் பழைய கதவு மாதிரி முனகத் தொடங்கின. அவள் வண்டியை வேறொருவர் கோணலாகத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. கொஞ்சம் குறைத்துச் செய்யேன், நடுவில் நின்றால் ஏற்றுக்கொள்வார்கள் என்றாள் மகள். குறைத்து வைக்க இது என்ன அடுப்பா என்று எரிந்து விழுந்தாள் அம்மா.

மூன்றாம் முறை அவர் தாளைக் கீழே வைத்தார். "முதல்ல சும்மா ஒருதடவ செஞ்சு பாருங்கம்மா. இத எண்ண மாட்டேன்."

"இதத்தான தம்பி முதல் நாளே சொல்லியிருக்கணும்?"

அவர் தலையைச் சொறிந்தார்.

செய்தாள். பிறகு அவர் எண்ண, மறுபடி செய்தபோது மேசையில் உட்கார்ந்த நாட்கள் முழங்காலில் தெரிந்தன. போன முறையைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டும் இப்போது ஒத்து வருகின்றன, முதல் நாளை விட்டுவிடலாம், தேறிவிட்டீர்கள் என்றார்.

வண்டியக்கா கட்டிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னம்மா, நிக்கிறீங்க?"

"வண்டிக்குப் போன்னு உங்க வாயால சொல்லிடுங்க தம்பி. அப்புறம் அதுக்கும் ஒரு சோதனை வைக்காதீங்க."